அப்பாயி பார்க்காத படம்

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அணைக்காமலே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "அந்த ஜப்பான்காரரு நம்ம ஆளுங்ககிட்டயும் வந்து மன்னிப்புக் கேட்டாராப்பா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நாங்கள் பார்த்தது 2013-ல் வந்த 'தி ரெயில்வே மேன்'. எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் உண்மைக் கதை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாமுக்கும், அதாவது இன்றைய தாய்லாந்துக்கும், பர்மாவுக்கும் நடுவே போட்ட ரயில் பாதையில் கைதியாக வேலை செய்து, சித்திரவதைப்பட்டு, ஐம்பது வருடம் கழித்துத் தன் எதிரியை நேருக்கு நேர் பார்த்தவர். அந்தப் பாதையைத்தான் நம் ஊரில் பெரியவர்கள் சயாம் ரயில் என்பார்கள். மலேசியாவில் மரண ரயில் என்றால் இன்றைக்கும் தெரியும். எங்கள் குடும்பம் அந்தப் பாதைக்கு ஒரு ஆளைக் கொடுத்திருக்கிறது, அப்பாயியின் அப்பா. அதனாலேயே இந்தப் படத்தைப் பல வருடமாக எடுத்து வைத்துப் பார்க்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்பாயி 2009-ல் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன்.

சரி, முதலில் படம்.

லோமாக்ஸுக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் என்றால் உயிர். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று மனப்பாடமாகச் சொல்லும் ஆள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் அதிகாரியாக இருந்தவர், மற்றவர்களோடு சேர்ந்து கைதியானார். அங்கிருந்து தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குக் கொண்டுபோகிறார்கள். படத்தில் நடுவயது லோமாக்ஸாக காலின் ஃபிர்த், இளவயதில் ஜெரமி இர்வின். 1980-ல் ஓடும் ரயிலில் எதிரே வந்து உட்காரும் பட்ரீசியாவாக நிக்கோல் கிட்மன். அந்த ரயில் காட்சி அவ்வளவு இதமாக இருக்கிறது, அவர் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வர, இவர் சிரித்தபடி கேட்டுக்கொண்டு வர, ஏதோ காதல் படம் பார்க்க உட்கார்ந்த மாதிரி நாமும் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். கல்யாணம் ஆகிறது. ராத்திரி அவர் தரையில் கிடந்து கத்துகிறார். பகலில் கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்.

கைதிகள் முகாமில் லோமாக்ஸும் நண்பர்களும் ரகசியமாக ஒரு ரேடியோ செய்திருந்தார்கள். வெளியுலகச் செய்தி கேட்க மட்டும்தான், அதில் எதையும் அனுப்ப முடியாது. 1943 ஆகஸ்டில் பிடிபடுகிறார்கள். மண்வெட்டி, கோடாலிப் பிடிகளால் ஒவ்வொருவராக அடிக்கிறார்கள். லோமாக்ஸின் இரண்டு கைகளும் உடைகின்றன. நிஜத்தில் அந்த அடியில் இரண்டு அதிகாரிகள் செத்தே போனார்கள். இவருடைய சாமான்களில் ரயில் பாதையின் வரைபடம் ஒன்றும் கிடைக்கிறது. எதற்கு வரைந்தாய், யாருக்குக் கொடுக்க என்று கேட்கிறார்கள். எனக்கு ரயில் பிடிக்கும், அதனால் வரைந்தேன் என்கிறார். அது முழு உண்மை. அவர்களுக்கு அது பச்சைப் பொய்யாகத் தெரிகிறது. ஒரு பையன் சின்ன வயதில் எதை உயிராக நினைத்தானோ அதையே வைத்து அவனை அடித்துக் கேட்கிற அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்து வருவதும் தண்ணீர்தான். உடைந்த கைகளோடு மல்லாக்கப் படுக்க வைத்து, முகத்தில் துணியைப் போட்டு, ரப்பர் குழாயில் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். மூக்கு, வாய், தொண்டை, வயிறு. நிறுத்துகிறார்கள். கேள்வி கேட்கிறார்கள். மறுபடி திறக்கிறார்கள்.

கேள்வி கேட்கும் குரல் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். அது நாகாசே தகாஷியின் குரல். அவர் அடித்தவர் கிடையாது, குழாயைப் பிடித்தவரும் கிடையாது. துபாஷி. ராணுவப் போலீஸ் அதிகாரி ஜப்பானிய மொழியில் உறுமுவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும், கைதி முனகுவதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் லோமாக்ஸ் வாழ்க்கை முழுக்க வெறுத்தது அந்த அதிகாரியைவிட இந்தக் குரலைத்தான். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. அடிக்கிறவன் என்ன சொல்கிறான் என்றே புரியாது, அவன் இடி மாதிரி, வெள்ளம் மாதிரி. ஆனால் உன் மொழியில், உன் பெயரைச் சொல்லி, லோமாக்ஸ், நீ சாகப் போகிறாய், உண்மையைச் சொல் என்று மணிக்கணக்காக, நாள்கணக்காகக் காதருகே ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் குரல் எங்கே போகும்? ஐம்பது வருடம் காதைவிட்டுப் போகவில்லை. எதிரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், ஆனால் பேச்சு இருந்தது இவரிடம் மட்டும்தான். பகை ஒட்டிக்கொண்டதும் அந்தப் பேச்சில்தான், கடைசியில் சமாதானம் வந்ததும் அதே பேச்சு வழியாகத்தான். இயக்குநர் ஜோனதன் டெப்லிட்ஸ்கி இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். விசாரணைக் காட்சிகளில் குழாயைவிட, அடியைவிட, அந்த இளவயது நாகாசேயின் உதடுகள் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. பயந்த உதடுகள். அதிகாரி ஒரு பக்கம் கத்த, கைதி ஒரு பக்கம் சாக, நடுவில் நிற்கும் பையன்.

இனிமேல் கதை முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

படத்தில், நாகாசே உயிரோடு இருக்கிறார், அதே காஞ்சனபுரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. கூட இருந்த நண்பர் தூக்கு மாட்டிக்கொண்ட பிறகு, லோமாக்ஸ் கத்தியோடு கிளம்பிப் போகிறார். அதே விசாரணைக் கூடத்தில் இப்போது இவர் கேட்கிறார், அவர் பதில் சொல்கிறார். கையை உடைக்கப் போகிறார். மூங்கில் கூண்டில் அடைக்கிறார். அப்புறம் கத்தியை ஆற்றில் வீசுகிறார். முதிய நாகாசேயாக ஹிரோயுகி சனாடா. அவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே, இந்த நாளுக்காகத்தான் இத்தனை வருடம் இங்கே காத்திருந்தேன் என்பது தெரிந்துவிடுகிறது. தப்பித்து ஓடப் பார்க்கவே மாட்டார்.

காட்சியாகப் பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிஜத்தில் இப்படி நடக்கவில்லை. நடந்தது இதைவிட ஆழமானது, அதைப் படமாக எடுக்காமல் விட்டுவிட்டார்களே என்று எனக்கு உண்மையிலேயே ஆற்றாமை. கத்தி இல்லை, கூண்டு இல்லை. கடிதம்.

1989-ல் ஒரு நண்பர் லோமாக்ஸிடம் பத்திரிகைச் செய்தியின் நகல் ஒன்றைக் கொடுக்கிறார். 'ஜப்பான் டைம்ஸ்' செய்தி, நாகாசேயின் படத்தோடு. போர் முடிந்ததும் நேச நாட்டுப் படைகள் பாதை நெடுக இறந்தவர்களின் குழிகளைத் தேடிப் போனபோது கூடப் போன துபாஷி இவர்தான். மூன்று வாரம் காடு காடாகப் போய்ப் பிணக்குழிகளை எண்ணியிருக்கிறார். அந்தப் பயணம் அவரை உடைத்துவிட்டது. பிறகு வாழ்க்கை முழுக்க, நூறு தடவைக்கு மேல், தாய்லாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். 1976-ல் பழைய கைதிகளையும் பழைய ஜப்பானிய வீரர்களையும், காஞ்சனபுரியில் அந்த ரயில் பாதை ஆற்றைக் கடக்கும் பாலத்தில் சந்திக்க வைத்தார். 1986-ல் ஆற்றங்கரையில் ஒரு புத்தர் கோயில் கட்டினார், தாய்லாந்துப் பிள்ளைகள் படிக்க உதவித்தொகை ஏற்படுத்தினார். கூடவே, போரை மறுபடி புனிதமாக்கப் பார்க்கிறார்கள் என்று சொந்த நாட்டிலேயே சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பிராயச்சித்தம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், ஒருநாள் தலை குனிந்துவிட்டு வீட்டுக்குப் போவது போதாது.

ஆனால் நாகாசே எழுதிய சின்னப் புத்தகம் ஒன்றில் ஒரு இடம் வரும். போர்க் கல்லறைக்குப் போய்ச் சிலுவைக்கு முன்னால் நின்று கும்பிட்டபோது, தான் மன்னிக்கப்பட்டதாக உணர்ந்தேன் என்று எழுதியிருக்கிறார். சித்திரவதைப்பட்ட ஒரு கைதியின் முகம் தன்னை விடாமல் துரத்தியது என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கைதி லோமாக்ஸ். இதைப் படித்த பட்ரீசியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கணவர் இன்னும் ராத்திரி தூங்காமல் கிடக்கிறார், அங்கே ஒருவர் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். உட்கார்ந்து 1991-ல் கடிதம் எழுதினார். அதன் சாரம் இவ்வளவுதான்: நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் கைதி என் கணவர், உயிரோடு இருக்கிறார், அவர் உங்களை இன்னும் மன்னிக்கவில்லையே, அப்படியிருக்க நீங்கள் மன்னிக்கப்பட்டதாக எப்படி உணர்கிறீர்கள்?

இந்தக் கேள்வியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. செத்தவர்களின் கல்லறை முன்னால் நின்று யாரும் மன்னிப்பு வாங்கிவிட முடியாது. கொடுக்க வேண்டியவர் வேறு ஊரில், வேறு வீட்டில், தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

நாகாசே பதில் எழுதினார். உங்கள் கடிதம் கத்தியாக என் நெஞ்சின் அடிவரை இறங்கியது என்றார். சாக்குச் சொல்லவில்லை, உத்தரவு என்றோ நான் வெறும் துபாஷி என்றோ எழுதவில்லை. அதைப் படித்ததும் பட்ரீசியாவின் கோபம் வடிந்துபோனதாம். லோமாக்ஸுக்கு அவ்வளவு சீக்கிரம் வடியவில்லை. சித்திரவதைக்கு ஆளானவர்களுக்காகவே லண்டனில் இருந்த ஒரு மருத்துவ அமைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பேசித்தான் அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1993-ல் காஞ்சனபுரியில், பாலத்துக்குப் பக்கத்தில், இரண்டு கிழவர்களும் சந்தித்தார்கள். ஒருவருக்கு 73 வயது, மற்றவருக்கும் எழுபதுக்கு மேல். லோமாக்ஸ் ஜப்பானிய மொழியில் வணக்கம் சொல்லி, சௌக்கியமா என்று கேட்டார். நாகாசே நடுங்கிக்கொண்டே, அழுதுகொண்டே, மன்னித்துவிடுங்கள் மன்னித்துவிடுங்கள் என்று சொன்னார். சிங்கப்பூர் விழுந்து ஐம்பத்தொரு வருடம். இந்தத் தடவை எதிராளியின் மொழியைப் பேசியது லோமாக்ஸ், அதுவும் நலம் விசாரிக்க.

அங்கேயும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பிறகு லோமாக்ஸ் ஜப்பானுக்குப் போனார். போரில் செத்த ஜப்பானியர்களுக்காக டோக்கியோவில் இருக்கும் யாசுகுனி கோயில் அருங்காட்சியகத்தில் அந்தப் பாதையில் ஓடிய சி56 ரயில் எஞ்சினைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது. ரயிலை நேசித்த மனிதர் ஒரு எஞ்சினைப் பார்த்துக் கோபப்பட்டார் என்றால் எப்படி இருந்திருக்கும். கடைசியில் ஒரு ஓட்டல் அறையில், நாகாசேயைத் தனியாக உட்கார வைத்து, எழுதிக் கொண்டுவந்த கடிதத்தைப் படித்துக் காட்டி முழு மன்னிப்பைக் கொடுத்தார். நடந்ததை மறக்க முடியாது, ஆனால் உங்களை மன்னிக்கிறேன் என்று. 2011-ல் நாகாசே இறந்தார். 2012 அக்டோபரில் லோமாக்ஸ். படம் திரைக்கு வந்தபோது இரண்டு பேரும் இல்லை.

லோமாக்ஸின் முதல் மனைவியையும் பிள்ளைகளையும் படம் அப்படியே மறைத்துவிட்டது. பட்ரீசியாவைப் பார்த்தபோது அவர் கல்யாணமானவர். போருக்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அந்த இருண்ட வீட்டில் கூட வாழ்ந்த பெண்ணுக்குப் படத்தில் இடமே இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. படத்தை விரும்புகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். காடு, மலை, பாறை, மழை. போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர், அதில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் வரை இருக்கும். பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், அப்புறம் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள். மலாயாவிலிருந்து போன 75,000 பேரில் பெரும்பகுதி தமிழர்கள்தான். மொத்தம் செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. "இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் யாரும் சரியாக எண்ணவில்லை.

கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே என்று சொல்ல ஆள் இருந்தது. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது தோட்டத்து ஜனங்களுக்கு அதுகூட இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு போன குடும்பங்களும் உண்டு. ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள், வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள், சில முகாம்களில் எரிக்கக்கூட ஆள் மிஞ்சவில்லை.

எப்படிப் போனார்கள்? முதலில் ஆசை காட்டினார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, தங்க இடம். ரப்பர் விலைபோகாமல் தோட்டங்கள் முடங்கிக் கிடந்த நேரம், அரிசி கிடையாது, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு மதிப்புக் கிடையாது, அதனால் நிறையப் பேர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாத செய்தி பரவியதும் யாரும் முன்வரவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம், நாடகம் காட்டுகிறோம் என்று அறிவித்து, கொட்டகை நிரம்பியதும் கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோன கதைகளும் உண்டு. சினிமாவைப் பற்றி எழுதும்போது இதை எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பாயியின் அப்பா நம்பிப் போனவரும் இல்லை, கொட்டகையில் பிடிபட்டவரும் இல்லை. பேராக் பக்கம் ஒரு தோட்டம். இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பான்காரன் தோட்டத்து ஆபீஸில் சொல்லிவிட்டுப் போனான். பெயர்ப் பட்டியல் எழுதியது ஆபீஸ் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா. நம் ஆள், நம் மொழி பேசுகிறவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று அந்தக் கிராணிதான் பெயர் பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். அப்பாயிக்கு அப்போது 11 வயது. "எங்கப்பாரு பேரை ரெண்டு தரம் கூப்பிட்டான் கிராணி. மொதத் தரம் எங்கப்பாரு பேசல. ரெண்டாந்தரம், 'வந்துட்டேங்க'ன்னாரு" என்று சொல்வார். போவதற்கு முன்னால் பால் வெட்டும் உளியைத் தீட்டி எண்ணெய் தடவி, ஓலையில் சொருகி வைத்துவிட்டுப் போனாராம், மூன்று மாதத்தில் வந்து வெட்ட வேண்டும் என்று. துரு ஏறாமல் இருக்க அப்பாயியும் அவர் அம்மாவும் ரொம்ப நாள் அதற்கு எண்ணெய் போட்டிருக்கிறார்கள்.

சண்டை முடிந்து திரும்பி வந்த ஒருவர், ஆற்றங்கரை முகாம் ஒன்றில் அவரைப் பேதியோடு படுத்திருக்கப் பார்த்தேன், விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம் என்று சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த செய்தி. தேதி தெரியாது. திதி கொடுக்க முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்குப் படையல். அப்பாயி இருந்தவரை இலையில் ஒரு செம்புத் தண்ணீர் தனியாக வைப்பார், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்.

2017-ல் நான் காஞ்சனபுரி போயிருந்தேன். பாலம் இப்போது சுற்றுலா இடம். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை, நடுவில் இருக்கும் நேர்ச் சட்டங்கள் குண்டில் விழுந்ததற்குப் பிறகு போட்டவை. ஐஸ்கிரீம் விற்கிறார்கள். ஊருக்குள் போர்க் கல்லறை, ஏறத்தாழ 7,000 பேர். புல்லைச் சீவிச் சீவிப் பச்சைப் பாய் மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, செத்த தேதி, வயது. 22, 24, 31. சில கற்களில் அம்மா அப்பா எழுதி அனுப்பிய ஒரு வரி. வெயிலில் வரிசை வரிசையாக நடந்து படித்தேன். அந்தப் பையன்கள்மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை, அவர்களும் அதே மழையில், அதே காலராவில் செத்தவர்கள். ஆனால் தேதி எழுதியிருந்த இடத்தில் மட்டும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். எங்களுக்கு அது இல்லையே என்று.

ஆற்றுப் பக்கம் ஜப்பானியர்கள் 1944-லேயே கட்டிய நினைவுத் தூண் ஒன்று இருக்கிறது. வேலையில் செத்தவர்களுக்காக அவர்களே எழுப்பியது. பல மொழிகளில் கல்வெட்டு, அதில் தமிழும் உண்டு. பாதையைப் போட வைத்துச் சாகடித்தவர்களே எழுதி வைத்த தமிழ். அங்கே நின்றபோது எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, அந்த எழுத்துகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். 1990-ல் அங்கே ஒரு வயலில் தோண்டியபோது குவியல் குவியலாக எலும்புகள் கிடைத்தன. அவர்களில் யார் தமிழர், யார் ஜாவாக்காரர் என்று எப்படிப் பிரிப்பது? 2023-ல்தான் அங்குள்ள ஒரு புத்தர் கோயிலில் நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கென்று நடுகல் வைத்தார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. அப்பாவை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

அன்றைக்கு அப்பாவிடம் நான் சொன்ன பதில் இதுதான்: நாகாசே மனிதராக இருந்தார், அவரால் முடிந்ததைச் செய்தார், ஆனால் அவரிடம் போய் 'நீ இன்னும் மன்னிக்கப்படவில்லை' என்று கடிதம் எழுத நம் பக்கம் ஆள் இல்லை. நம் ஆளுக்கும் அவருக்கும் நடுவே துபாஷி இல்லை. அடித்தவனுக்கு நம் பெயர் தெரியாது, நமக்கு அவன் பெயர் தெரியாது. பெயர் தெரிந்தது கிராணிக்கு மட்டும்தான்.

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் நான் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். அப்பாயி அவரிடம் எப்போதோ ஒருதரம்தான் சொல்லியிருக்கிறாராம்.

சண்டை முடிந்து, இவர்கள் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வருவதற்கு முன்னால், அந்தக் கிராணி தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்திருக்கிறார். வேலை போய், ஆள் மெலிந்து, கையில் குச்சியோடு. தோட்டத்தில் அவரிடம் யாரும் பேசுவதில்லை. நேராக அப்பாயி வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். அப்பாயியின் அம்மா அப்போது மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கையில் கத்தி. உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் நின்றார். கடைசியில், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். அம்மா எழுந்துபோய், அடுப்பில் காய்ச்சி மூடி வைத்திருந்த தண்ணீரைச் செம்பில் ஊற்றிக்கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுச் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்ப வரவில்லை.

அப்பா சின்னப் பையன் மாதிரி அப்பாயியிடம் கேட்டிருக்கிறார், "அப்ப அம்மாயி அவனை மன்னிச்சிருச்சா?"

"அதை யாரு கேட்டா? அவன் தண்ணி கேட்டான். எங்கம்மா குடுத்துச்சு" என்றாராம் அப்பாயி.